ஒன்றரை பவுண்டு பூம்பாறை

வத்தலகுண்டு காஜா மைதீன் கடையில்
பகல் இரண்டு மணிக்கு அடைத்த காற்று.
பக்கத்துக்கு ஐம்பது பவுண்டு.
தார் உருகிச் செருப்பில் ஒட்டுகிற வெயில்.
வழக்கம்போல டயரை ஒரு உதை உதைத்துவிட்டு
"கல்லு மாதிரி இருக்கு" என்றேன்.
ரெஜினா மீட்டரை வைத்துப் பார்த்தாள்.
பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
இடது 50, வலது 50
என்று எழுதினாள்.
ஸ்டெப்னியையும் விடவில்லை.

பொலேரோவுக்குப் பின்னால்
ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பூப்போட்ட திரையுடன்
ஆடி ஆடி வந்தது கேரவன்.
கோயம்புத்தூரில் பழசாக வாங்கியது.
அதற்காக வாங்கிய கடனைப் பற்றிக்
காட்ரோட்டில் ஆரம்பித்தோம்,
ஊத்து தாண்டியும் விடவில்லை,
பெருமாள்மலையில் நிறுத்திக்கொண்டோம்.
பேச்சு தீர்ந்துவிடவில்லை;
மூடுபனியில் எதிரே வரும் பஸ் தெரியவில்லை.

பூம்பாறையில் விடியவில்லை இன்னும்.
பூண்டு வயலோரம்
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
சக்கரத்தருகே குந்தியிருந்தாள்.
இடது 46.
வலது 41.
"ரெண்டும் லீக்" என்றேன், கம்பளிக்குள்ளிருந்து.
"நாலு குறைஞ்சது குளிருக்கு.
அது ரெண்டு டயருக்கும் பொது.
மீதி அஞ்சுதான் நம்ம பிரச்சினை."

விரலில் எச்சில் தொட்டு
வால்வின் வாயில் வைத்தாள்.
இருவரும் குனிந்து காத்திருந்தோம்,
பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல.
கடுகளவில் ஒரு குமிழ்.
மிளகளவானது.
உடைந்தது.
அடுத்தது எழுந்தது.
நேற்றைய மதியத்து வத்தலகுண்டு
அந்தக் குளிருக்குள்
கடுகு கடுகாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

வால்வு ஊசியை அரைத் திருகு இறுக்கினாள்.
மறுபடி எச்சில். குமிழ் இல்லை.
கால் பம்பை மிதிக்கும் வேலை எனக்கு.
ஆறாயிரம் அடிக்கு மேலே காற்றே மெலிந்து கிடக்கிறது,
மிதித்து மிதித்து எனக்குத்தான் இரைத்தது.
பூண்டு மூட்டையோடு போன ஒருவர்
தன் மட்டக்குதிரையை நிறுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இதுக்குப் புல்லு போட்டா போதும் சார்."

மூன்று நாள் காலையும் 50, 50.
நான்காம் நாள் இறக்கம்.
டம் டம் பாறையில் நிறுத்தும்போது
பிரேக் தீய்ந்த வாடை.
மீட்டரை இந்த முறை நான் வைத்தேன்: 57.
"ஏழு கூட. வெடிச்சிரும்" என்று
காற்றை இறக்கக் குச்சியை எடுத்தேன்.
அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"சூட்டுல இறக்காதீங்க.
இப்பச் சரி பண்ணினா ஆறினதும் கம்மியாயிரும்."
டயரைத்தான் சொன்னாள்.
கடன் பேச்சை மறுபடி எடுக்க
மலையிறங்கும்போதே நான் வாக்கியம் சேர்த்துவந்தது
அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அதற்குள், கழற்றி வைத்த வால்வு மூடியைக்
குரங்கு ஒன்று கொண்டுபோய்விட்டது.
மரத்தில் உட்கார்ந்து கடித்துப் பார்த்தது,
பிடிக்கவில்லை, பள்ளத்தாக்கில் போட்டது.
மிக்சர் பாக்கெட்டின் தாளைக் கிழித்து
வால்வைச் சுற்றி நூலால் கட்டினோம்.
மிக்சரைத் தின்றபடி
சக்கரம் ஆறும்வரை
கல் சுவரில் உட்கார்ந்திருந்தோம்.
சேர்த்துவைத்த வாக்கியத்தில்
பாதி மறந்துபோனது.

மறுநாள் விடியல், வத்தலகுண்டு.
லாட்ஜ் வாசலில்
இரண்டும் ஐம்பத்தொன்றரை.
"இப்ப இறக்கலாம்" என்றாள்.
ஊசியை அழுத்தினேன்.
உஸ்ஸென்று வந்தது
ஒன்றரை பவுண்டு பூம்பாறை.
மூக்கைக் கொண்டுபோனேன்.
"என்ன, பூண்டு வாசமா?"
"ரப்பர்."

நோட்டை வாங்கி
இடது 50, வலது 50 என்று
என் கையெழுத்தில் எழுதினேன், தேதி போட்டு.
எட்டிப் பார்த்தாள்.
"ஸ்டெப்னி?"

பார்க்கவில்லை.