பத்துக் குழி

வான் ஏரியின் வடகரையில்
ரேடியோ, டிவி, தண்ணீர் மோட்டார்
எது பழுதானாலும் என்னிடம்தான் வரும்.
ஹிதிர் கொண்டுவந்தது புதிதாக இருந்தது.
இரண்டு பசு, ஒரு கன்று,
மீதிக்கு மைத்துனன் ரெம்ஸியிடம் கடன்.
பூமிக்குள் பதினெட்டு மீட்டர் பார்க்குமாம் அந்தப் பெட்டி:
பொன் என்றால் சிவப்பு,
பொந்து என்றால் நீலம்.

"வேலை செய்கிறதா? அதை மட்டும் சொல், நெவ்ஸாத்."

திருகாணி நான்கையும் கழற்றினேன்.
ஒரு பேட்டரி.
சுண்டுவிரல் நகமளவு காந்த உணரி,
செல்போனில் திசை காட்டுமே, அதே ஜாதி.
அடியில் பசைபோட்டு ஒட்டிய
ஈயக் கட்டி.
ஈயம் எதற்கு என்றேன்.
"ஆழத்துக்கு" என்றான்.

சனிக்கிழமை அவன் வாதுமைத் தோப்பில்
ஒரே பட்டையை இரண்டு முறை நடந்தோம்.
முதல் நடையில் புதையல் கிணற்றடியில் கிடந்தது,
இரண்டாம் நடையில் வேலியோரம் போய்ப் படுத்திருந்தது.
கையைச் சற்றுச் சாய்த்தால்
அதுவும் புரண்டு படுத்தது.
ஏரியின் உப்பு மண்ணில் ஏறியிருக்கிறது என்றான்.
இருக்கலாம். உப்பின்மேல் எத்தனை பழி போட்டாலும்
அது வாய் திறக்காது.

சரி, பத்துக் குழி, முழ ஆழம்.
ஒன்றில் மட்டும் பொன்.
எதில் என்று உனக்கும் தெரியக்கூடாது, எனக்கும்.
ஸூபெய்தே மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினாள்,
கணவனைப் பார்க்காமல் என் கையில் வைத்தாள்.
முதலில் வெறும் தரையில் வைத்துக் காட்டினோம்:
மூன்று தடவையும் சிவப்பு.
ஹிதிரின் முகமும்.

பிறகு நாங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினோம்.
ரெம்ஸி புதைத்தான்.

இரண்டாவது, என்றது பெட்டி.
அடுத்து ஒன்பது.
மறுபடி ஒன்பது.
அப்புறம் ஐந்து.
மூன்றையும் தோண்டினோம். கல், வேர்,
ஒரு சோடாப் புட்டியின் கழுத்து.

போதும், சீட்டை எடு என்றேன் ரெம்ஸியிடம்.
சட்டைப்பையைத் தடவினான்.
எண்ணை எழுதிய தாளில்
எப்போதோ புகையிலை சுருட்டிப் புகைத்துவிட்டிருந்தான்.
"நாலு. நாலுதான்.
ஏரிப்பக்கமிருந்து எண்ணினேனா
மலைப்பக்கமிருந்தா..."
நாலிலும் இல்லை. ஏழிலும் இல்லை.

புதையலைப் பூதம் காக்கும் என்பார்கள்.
அன்று எங்களுக்கு வாய்த்த பூதம்
இருமிக்கொண்டு நின்றது.

ஸூபெய்தே ஒன்றும் பேசவில்லை.
மாவுச் சல்லடையோடு வந்து
முதல் குழியிலிருந்து ஆரம்பித்தாள்.
மண்ணை அள்ளி, சலித்து, கொட்டி, அள்ளி.
ஹிதிர் பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தான்,
காய்ச்சல்கண்ட பிள்ளையைப் போல.
இருட்டியபின் டார்ச் பிடித்தது நான்தான்.
ஆறாவது குழி.
வாயில் போட்டு மண்ணைத் துப்பி
விரலில் மாட்டப்போனவளிடம்
கொஞ்சம் காட்டு என்று வாங்கினேன், தொழில் புத்தி,
உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன்.

உள்வட்டத்தில் நான்கு எழுத்து.
நகாசு என்றே எல்லோரும் நினைத்திருந்தோம்.
எங்கள் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து,
மலைமேல் இடிந்த மடத்தின் கல்லில் மட்டும்
இன்னும் மிச்சமிருப்பது.
மாமியார் தந்தது என்றாள்.
மாமியாருக்கு அவள் மாமியார்.
அதற்கு முன்னால்?
ஹிதிர் டார்ச்சை வாங்கி அணைத்தான்.

தீர்ப்பை மறுநாள் சொன்னேன்: வேலை செய்யவில்லை.
ஒரு பை வாதுமை கூலியாகக் கொடுத்தான்,
பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு
மடத்துப் பாதையில் ஏறினான்.
அங்கே சுவரைவிட ஓட்டைகள் அதிகம்,
அவனுக்கு முன்னே போனவர்கள் போட்டவை.

மூடும்போது ஈயத்தை உள்ளே வைக்க மறந்துவிட்டேன்.
அது என் மேசையில்
பில்கள் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.
நேற்று வழியில் நிறுத்திக் குறை சொன்னான்:
நான் கைவைத்த பிறகு
எட்டு மீட்டருக்குமேல் தெரிவதில்லையாம்.