கேன்சல்

முசஃபாவில் எம் முப்பத்தேழு.
லாண்டரிக்கும் கரக் சாயாக் கடைக்கும் நடுவே
என் டைப்பிங் சென்டர்.
ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தச் சொல்லை அடிக்கிறேன்.

"அக்கா, ஒரு கேன்சல் அடிக்கணும்."

அடிக்கணும் என்பதைக் கவனியுங்கள்.
விசா வந்தாலும் அடித்தாச்சு என்பார்கள்,
போனாலும் அடித்தாச்சு.
தட்டச்சும் அடி, முத்திரையும் அடி,
மெஸ் நோட்டில் ஒருவன் பெயர் மேல் இழுக்கிற கோடும் அடிதான்.

கேம்பில் இந்தச் சொல்லுக்கு ஓவர்டைம் வேலை.
வெள்ளிக்கிழமை பிரியாணி கேன்சல் என்றால் சிலிண்டர் தீர்ந்தது.
ஃப்ளைட் கேன்சல் என்றால் ஏர்போர்ட் தரையில் இன்னொரு இரவு.
கல்யாணம் கேன்சல் என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை,
அன்றைக்கு அவன் முறைப் பாத்திரத்தை
வேறொருவன் கழுவி வைத்துவிடுகிறான்.
"அவன் கேன்சல்ல போயிட்டான்" என்றால்
ஆள் உயிரோடு இருக்கிறான் என்று பொருள்.
கட்டில் காலி என்றும் பொருள்.

தாணுலிங்கம், தக்கலைக்காரர்,
கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்துவிட்டுக் கேட்டார்:
"இதுக்கு அர்த்தம் என்ன மேடம்?"
ரத்து என்றேன்.
"அது தெரியும். இந்தச் சொல்லு எங்கேருந்து வந்துச்சு?"

பதினோரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.
சர்வர் சுற்றிக்கொண்டிருந்தது.
போனில் தேடினேன்.

லத்தீனில் அது கிராதியாம்,
குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் வைத்த தடுப்பு.
தப்பாக எழுதியதன் மேல் அந்தக் காலத்து எழுத்தர்கள்
அதே மாதிரிக் கோடு கிழித்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது.
நீதிமன்றத்துக் கிராதி ஓரம் நின்ற வாயில்காவலன்
படிப்படியாகப் பெரிய ஆளாகி
பல்கலைக்கழகத்தில் வேந்தர் ஆனான்.
இன்னும் கீழே தோண்டினால் வேர் சிறை என்று சிலர்,
உறுதியில்லை என்று சிலர்.
அந்த வரியை நான் வாசித்துக் காட்டவில்லை.

"கிராதின்னா நம்ம அழிதானே" என்றார்.
"சன்னல் அழி. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவாவ."

சொல்லிவிட்டு நிறுத்தினார்.
எனக்கும் அப்போதுதான் கேட்டது.

அழி என்றால் கம்பி.
அழி என்றால் ரப்பரை எடு.
ரோமாபுரிக்காரனும் தக்கலைக்காரனும்
பேசி வைத்துக்கொண்டிருக்க வழியில்லை.
ஏசி வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

பெர்மிட்டில் அவர் தொழில்: அலுமினியம் ஃபேப்ரிகேட்டர்.
பதினாறு வருடமாக வில்லாக்களுக்கு மஷ்ரபியா,
நட்சத்திரம் நட்சத்திரமாய் ஓட்டை விட்ட சன்னல் மறைப்பு.
"அப்போ இவ்வளவு நாளும் நான்
கேன்சல்தான் செஞ்சிட்டு கெடந்திருக்கேன்,
ஸ்கொயர் மீட்டர் முந்நூறு திர்ஹமுக்கு!"
தனியாகச் சிரித்து முடித்தார்.
பிறகு தொழில் பேச்சு:
"ஓட்டை கொறஞ்சா கன்சல்டன்ட் திருப்பி அனுப்பிடுவான்.
காத்து வரணும், உள்ளே இருக்கவனுக்கு ரோடு தெரியணும்,
ரோட்டுல போறவனுக்கு உள்ளே தெரியக் கூடாது."

சர்வர் வந்துவிட்டது.
கம்பெனிக் காகிதத்தை இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தேன்,
ஏன் என்று தெரியவில்லை, வழக்கமாகப் பார்ப்பதில்லை.
கிராஜுவிட்டியில் ஆயிரத்து நானூறு குறைகிறது.
எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்ற வரிக்குக் கீழே
அவர் கையெழுத்துக்கான கட்டம்.

விண்ணப்பத்தின் அடியில் எப்போதும் இரண்டு பொத்தான்.
பச்சையில் சமர்ப்பி.
பக்கத்தில் சாம்பல் நிறத்தில் கேன்சல்,
அதைத் தொட்டால் இந்தக் கேன்சல் கேன்சல்.
மானிட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.
டோக்கனோடு ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேனாவை மூடினார்.
"சாம்பலை அமுக்குங்க" என்றார்.

வெளியே வெயிலில் நின்று
யாருக்கோ போன் போடுகிறார்.
என் கடைக் கண்ணாடியில் அழி கிடையாது.
சத்தம் வராவிட்டாலும் உதடு தெரிகிறது:
ஆயிரத்து நானூறு. ஆயிரத்து நானூறு.