பதினாறு மில்லி

காஷ்மீரி கேட்டில் ஷட்டர் ஏறும் முன்பே
பழைய ரப்பர் துண்டைப் பையில் சுருட்டிக்கொண்டு நின்றேன்.
இரவுப் பணி முடிந்த கண்கள்.
மெட்ரோ முழுக்க மூடியே வைத்திருந்தும்
பையெங்கும் கூலண்ட் வாடை,
பல்லுக்கு ஒட்டாத ஒரு தித்திப்பு.

குர்மேல் அதை வாங்கி வளைத்தார்.
உள்வளைவில் நெடுக வெடிப்பு.
கிளிப் கடித்த இடம் ஊறிக் கொழகொழத்திருந்தது.
"எத்தனை வருஷம்?"
காருக்கு இருபத்தாறு, குழாய்க்கும் அதேதான் என்றேன்.
"பதினாறு மில்லி!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார்.

பதினாறு என்றால் எனக்கு ஆரஞ்சு.
வார்டில் சிறுநீர்க் குழாயின் வாயில்
அந்த எண்ணுக்கு அந்த நிறம்.
இங்கே பதினாறும் கறுப்பு,
இருபத்தெட்டும் கறுப்பு.

கயிற்றுக் கூடையில் இறங்கின மூன்று.
கம்பெனிச் சீட்டு ஒட்டியது, அந்த விலைக்கு அரை டாங்க் போடலாம்.
சீட்டை மட்டும் நகலெடுத்தது.
பளீர் நீலத்தில் சிலிக்கான்:
"பந்தயக்காரர்கள் வாங்குவது, மேடம்."
நானோ முனிர்காவிலிருந்து யூசுஃப் சராய் வரை
மூன்றாம் கியரைத் தாண்டாதவள்.

நரம்பு தேடும் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தேன்.
நகல் அமுங்கி, எழ யோசித்தது.
முதலாவது உடனே எழுந்தது,
வெட்டுவாயில் நூல் பின்னல் வரிசை தப்பாமல்.

"ஒன்றா, இரண்டா?"

மே மாதம் மூல்சந்த் பாலத்தடியில் கொதித்து நின்றபோது
ஹீட்டருக்குப் போகும் வாயையும் திரும்பும் வாயையும்
ஒரே துண்டால் வளைத்துக் கட்டிவிட்டான் நஃபீஸ்.
"மதராசி அக்காவுக்கு ஹீட்டர் எதுக்கு?"
சிரித்தேன். நாற்பத்து நான்கு டிகிரியில்
எதற்கும் சிரிக்கலாம்.

ஒன்று என்றால் அதே வளைவு.
விடியலில் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து
முன்னால் போகும் பால் லாரியின் சிவப்பு விளக்கை
விடாமல் பிடித்து வீடு சேர்வது.
இரண்டு என்றால்
டாஷ்போர்டுக்குப் பின்னால் ஏழு மாதம் உலர்ந்து கிடக்கும்
அந்தக் குட்டி ரேடியேட்டர் தாங்குமா,
என் காலில் கொட்டுமா,
குர்மேலுக்கும் தெரியாது.

இரண்டு.
நான்கு கிளிப், விளிம்பு மழித்ததாக.

நஃபீஸ் முணுமுணுத்தபடி பொருத்தினான்.
மூடியைத் திறந்துவைத்து
காற்றுக் கொப்புளம் தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டோம்.
இப்போது
கால்மிதியில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.
முள் பாதிக்கு வந்துவிட்டது.
பிடியைச் சிவப்புப் பக்கம் தள்ளுகிறேன்.
முதலில் தூசி. பிறகு
எலிவாடை கலந்த வெதுவெதுப்பு முழங்காலில்.
குனிந்து தாளைத் தொடுகிறேன்:
காய்ந்திருக்கிறது.
இன்னும் ஐந்து நிமிடம் போகட்டும்.