செக்கானூரணியில் சவரம்

ராத்திரி ஒன்பது மணி.
நுரையைத் தாடைக்கு ஏற்றிவிட்டு
மொக்கச்சாமி ஆரம்பித்தார்:
"ஏப்பா, நேவியில தாடி வச்சுக்கலாமாமே?"
வைக்கலாம். மனு எழுதிக் கொடுக்கணும்.
வைத்ததை எடுக்கவும் கேட்கணும்.
கத்தி நின்றது. "மயித்துக்கா?"
பெஞ்சில் காத்திருந்த ரெண்டு பேரும்
பேப்பரை இறக்கிவிட்டுச் சிரித்தார்கள்.

"சட்டைக் கையில நங்கூரம் இருக்குமே, உனக்கு எத்தன?"
ஒண்ணு. லீடிங் சீமன்.
"ரெண்டானா?"
பெட்டி ஆபீசர்.
"ஏட்டுன்னு சொல்லு."
சரி, ஏட்டு.

"சல்யூட்ல உள்ளங்கையக் காட்ட மாட்டீகளாம்?"
தார்க் கயிறு இழுத்த கை,
கறை தெரியக் கூடாதென்று
அந்தக் காலத்தில் கவிழ்த்தார்களாம்.
அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.
ரேகைகளுக்குள்
ஊர்த் தலைகளின் கறுப்புச் சாயம்.

நீச்சலைக் கேட்டான் பெஞ்சிலிருந்த பையன்.
கருமாத்தூர்க் கிணற்றில் படித்தது போதுமென்று போனேன்,
சில்காவில் முதல் நாளே மூக்கில் ஏறியது.
கிணற்றுக்குப் படி உண்டு, தம்பி.

"ராத்திரியில கடல் எப்படி இருக்கும்?"

வாயெடுத்தேன்.
கரண்ட் போனது.
கத்தி என் சங்கில்.
கண்ணாடி இல்லை, ரோடு இல்லை,
தேனி பஸ்ஸின் ஹாரன் மட்டும்
எந்தத் திசையென்று தெரியாமல்.
பெஞ்சில் அசைவில்லை.
அவர் மூச்சு என் காதோரம்,
என் மூச்சு அவர் விரலுக்கடியில்.

இப்படித்தான், என்றேன்,
தொண்டை அசையாமல்.

விளக்கு வந்தது.
பிளேடை மாற்றிக்கொண்டே கேட்டார்:
"பிடித்தம் போக
கைக்கு எவ்வளவு வரும்?"