இரண்டு ஸ்லோட்டி அதிகம்

ஓஷ் நகரை விட்டுக் கிளம்புமுன்
மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதினேன்:
வாடகை, ரொட்டி, டிராம், தொலைபேசி,
தம்பி படிப்புக்கு அனுப்புவது.
கூட்டினேன். மிஞ்சியது.
பதினோரு வருடம் மாவு மில்லில் பேரேடு எழுதியவள்,
எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

க்டான்ஸ்கில் அறைக் கதவைத் திறந்து
சுவிட்சைத் தட்டினேன்.
இருட்டு அப்படியே இருந்தது.
முன்பு குடியிருந்தவர்
பல்பைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்.
அவரும் கணக்குப் பார்க்கிற ஆள்தான் போல.
முதல் செலவு, பல்பு ஒன்று.
ரசீதின் முதுகில் அதற்கு வரி இல்லை.

வரி இல்லாதவைதான் அப்புறம் வந்தன.
சாவிக்கு நகல்.
நான் பிறந்தேன் என்று
போலிஷில் முத்திரை குத்தித் தருபவருக்குப்
பக்கத்துக்கு இவ்வளவு.
பனியில் வழுக்காத காலணி.
டிராமில் சீட்டு வாங்கினால் போதாதாம்,
பெட்டியில் செருகித் துளை போட வேண்டுமாம்.
துளையில்லாத சீட்டைக் கையில் பிடித்தபடி
அபராதம் கட்டினேன்.
அது ஒன்பது நாள் சாப்பாடு.

எதைத் தொட்டாலும் இருபத்திரண்டால் பெருக்குவேன்.
வெண்ணெயைப் பெருக்கித் திரும்ப வைப்பேன்.
தக்காளியைப் பெருக்கித் திரும்ப வைப்பேன்.
"பெருக்காதே" என்றாள் குட்ஸாய்,
அடுத்த அறை, ஹராரேக்காரி.
"எங்கள் ஊர்ப் பணத்தில் நான் பெருக்கியிருந்தால்
பூஜ்யம் போடவே நோட்டு தீர்ந்திருக்கும்.
உழைப்பது இங்கே. மணியில் எண்ணு."

சரி, மணி.
அரைக் கிலோ தக்காளி பதினைந்து நிமிடம்.
காலணி ஒன்றரை நாள்,
மீன் கிடங்கில் நின்றபடி,
விரல் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டு.
இது இன்னும் மோசம்.

ஜனவரி முப்பத்தொன்று, இரவு.
கட்டம் போட்ட நோட்டு,
ஐஸாதா என்ற என் பெயரைத்
தப்பாக அச்சடித்த சம்பளச் சீட்டு,
இரண்டில் நிறுத்திய ஹீட்டர்.
கணக்கு உதைத்தது.
குறைந்திருந்தால் தூங்கப் போயிருப்பேன்.
குறைவுக்கு ஆயிரம் வாய் உண்டு.
இரண்டு ஸ்லோட்டி அதிகம்!
மில்லில் பணம் குறைந்தால் திட்டுவார்கள்;
கூடினால்தான் தணிக்கை வரும்.

மேலிருந்து கீழே கூட்டினேன். கீழிருந்து மேலே கூட்டினேன்.
கோட்டுப் பையை வெளியே இழுத்து உதறினேன்.
ஒரு மணி தாண்டி நினைவு வந்தது.

சனிக்கிழமை, கடை வாசல், சாய்வாகப் பனி.
தள்ளுவண்டிப் பூட்டுக்கு நாணயம் வேண்டும்.
கையுறையைப் பல்லால் கழற்றி
நான் பர்ஸைத் துழாவிக்கொண்டிருக்க,
காரில் சாமான் ஏற்றி முடித்த ஒரு பச்சைத் தொப்பி
தன் வண்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.
பூட்டில் அவர் நாணயம்.
சில்லறையை நீட்டினேன்.
என்னவோ சொன்னார், ஈ ஓட்டுவதுபோல் கையை வீசினார்,
போய்விட்டார்.
திரும்பி வந்து சங்கிலியை மாட்டியதும்
நாணயம் என் கையில் துப்பப்பட்டது.
என் காசுபோலவே அதைப் பர்ஸில் போட்டிருக்கிறேன்.

வரவுப் பக்கத்தில் சம்பளத்துக்குக் கீழே
இந்த நாட்டில் நான் எதுவும் எழுதியதில்லை.
தேதி போட்டேன். 2.00.
யாரிடமிருந்து என்ற கட்டத்தைக்
காலியாக விடப் பழகாத கை:
பச்சைத் தொப்பி என்று எழுதியது.
ஐந்தொகை பொருந்திவிட்டது.

விளக்கை அணைத்தேன்.
அறை மாறும்போது
இந்தப் பல்பைக் கழற்றுவதா, விடுவதா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.