மூலம்: தெரியவில்லை

வருகைப் பதிவேட்டில் என் பெயர் பவுனம்பாள்.
வேலை, மீன் எண்ணுவது.
கூலி நானூற்றைம்பது, டீ தனி.

மூணாறு தலைப்புக்குக் கீழே
ஷட்டரில் முட்டிக்கொண்டு நிற்கிறது ஆகாயத்தாமரை.
போன வெள்ளிக்கிழமை ஜேசிபி வந்து
வழித்துக் கரையேற்றிய அதே இடம்.
அறுந்த தண்டு ஒன்று தண்ணீரில் விழுந்தால் போதும்,
அதற்கு வெள்ளிக்கிழமையும் தெரியாது, டெண்டரும் தெரியாது.
பதினைந்து நாளில் ஒன்று இரண்டு,
இரண்டு நாலு.
பாதி ஆறு மூடியிருக்கும்போது
இன்னும் பாதி ஆறு இருக்கிறதென்று
நாங்கள் டீ குடிக்கப் போகிறோம்.

தங்கமுடி வலை வீசுகிறார்.
இழுக்கும்போதே கை சொல்லிவிடும் அவருக்கு.
விரால் என்றால் உதைக்கும்,
கெண்டை என்றால் துடிக்கும்.
இது கல் மாதிரி வருகிறது.
உடம்பெல்லாம் ஓடு, முதுகில் முள்,
வயிற்றில் யாரோ அவசரத்தில் இழுத்த கோலம்,
வாய் அடியில், உறிஞ்ச.
கூடையில் வைத்தால் பூனைகூடத் திரும்பாது.
கிழிந்த கண்ணியை அன்றிரவே முடிய வேண்டும்;
நைலான் விலை
அவர் சொல்லும் கெட்டவார்த்தைகளில் ஒன்று.

துடுப்பின் ஓரத்தில் நகமளவு வெட்டித்
திரும்ப ஆற்றில் விடச் சொன்னாள் பெனாசிர்.
'விடுறதா?'
முதல்நாள் தங்கமுடி எழுந்தே போய்விட்டார்.
பிடித்ததை விட்டால்தான்
பிடிக்காததை எண்ண முடியும் என்றாள்.

நாற்பதை வெட்டி விட்டோம்.
பத்து நாள் கழித்து ஐம்பத்திரண்டு ஏறியது.
அதில் வெட்டுப்பட்டவை மூன்று.
நாற்பதை ஐம்பத்திரண்டால் பெருக்கி
மூன்றால் வகுத்தாள்.
அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று.
தெரிந்த முகம் குறையக் குறைய
தண்ணீருக்குள் கூட்டம் பெருக்கிற கணக்கு.
கூடையில் கிடப்பதை மட்டுமே
எண்ணிப் பழகியவள் நான்.

ஆரால் ஒன்றும் இல்லை. அயிரையும் இல்லை.
கட்டத்தில் கோடு போட்டேன்.
'கோடு வேண்டாம் அக்கா,
கோடுன்னா தேடலைன்னு அர்த்தம்.
தேடினோம், இல்லை.
அதுக்குத்தான் பூஜ்யம்.'
இரண்டு பூஜ்யம் போட்டேன்,
கை வலித்தது.

சித்திரையில் ஆறு வடிந்தபோது
கரைமண்ணில் வரிசையாக வளைகள்.
முழங்கைவரை விட்டேன், முடிவு தட்டவில்லை.
உள்ளே மஞ்சள் ஜவ்வரிசியாய் முட்டை,
அதன்மேல் படுத்து ஒரு ஆண்
என் விரலை முட்டித் தள்ளியது.
தகப்பன்தான், வேறென்ன சொல்ல.

நாலு வருஷம் முன்பு,
நீடாமங்கலத்தில் பாத்திரம் கழுவப் போன வீட்டில்
காலி செய்து போகும்போது
கண்ணாடித் தொட்டியை என்னிடம் தந்தார்கள்.
தங்கநிறமெல்லாம் செத்து மிதந்தன.
கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ரெண்டு கறுப்பு,
சாணிக்கட்டை நீளம்கூட இல்லை.
சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை.
பாலத்திலிருந்து விட்டேன்.
ஒரு நொடி திகைத்து நின்றன,
பிறகு ஆறு எடுத்துக்கொண்டது.
தொட்டியில் இப்போது ரேஷன் அரிசி வைத்திருக்கிறேன்.

'ரெண்டே ரெண்டு போதுமா, பெனாசிர்?'
'எதுக்கு அக்கா?'
'சும்மா.'
'போதாது. பெரும்பாலும் செத்துடும்.
பல பேர், பல தடவை விட்டிருக்கணும்.'
ஆறுதல் சொல்கிறாளா
கணக்குச் சொல்கிறாளா, தெரியவில்லை.
அன்றிலிருந்து அந்தப் பாலத்தைக் கடக்கும்போது
கைப்பிடிச் சுவர் நெடுக ஆட்கள்,
வேறு வேறு வருஷத்து ஆட்கள்.
ஒவ்வொரு கையிலும் தண்ணீர் ததும்பும் பாலிதீன் பை.
எல்லார் முகத்திலும் இரக்கம்.

படிவத்தில் கடைசிக் கட்டம், மூலம்.
'தெரியவில்லைன்னு போடுங்க அக்கா,
உங்க கையெழுத்து நல்லா இருக்கு.'
போட்டேன்.
மணலில் கிடக்கும் மீன்
ஒரு மணிநேரமாகத் தண்ணீர் இல்லாமல்
சாகாமல் இருக்கிறது.
அடியில் இருக்கும் அந்த வாய்
திறக்கிறது, மூடுகிறது.
தங்கமுடி வலையை உதறுகிறார்.
நான் பேனாவை மூடவில்லை.