பூஜ்ஜிய பில்

ஐந்து முதல் ஒன்பது என்றுதான் பேச்சு.
நூற்று அறுபது ரூபாய், ஒரு டீ,
உடைந்த சீப்புச் சீடை வேண்டிய மட்டும்.

ஒன்பதுக்கு ஷட்டர் பாதி இறங்கும்.
பாதிதான்.
வாங்க வருகிறவர் குனிந்து நுழையமாட்டார்.
நாங்கள் குனிந்து வெளியேறலாம்,
யாரும் இதுவரை குனிந்ததில்லை.

"ரெண்டு நிமிசம் புள்ள" என்பார் சோலைமலை அண்ணன்.
அவருடைய இரண்டு நிமிடத்தில்
மனோகரம் நாற்பது பொட்டலம் கட்டலாம்,
தேன்குழல் டின் பதினொன்றைத் துடைத்து அடுக்கலாம்,
எண்ணெய்த் தரையைச் சீயக்காய் போட்டுக் கழுவலாம்,
கல்லாவை எண்ணி, குறைந்தால் மறுபடி எண்ணி,
ஒன்பது இருபது டவுன் பஸ்
செக்காலை ரோட்டில் திரும்பும் சத்தத்தையும் கேட்கலாம்.
அலமாரியில் டின்களுக்கு நடுவே
ஜெசிந்தா அக்காவின் போன் அதிர்ந்து அதிர்ந்து நகரும்.
டியூஷன் வாசலில் மகன் நிற்கிறான்.
கை முழுக்கப் பாகு. எடுக்கமாட்டாள்.

அந்த பஸ்ஸில் எனக்குக் காசு கிடையாது.
விட்டால் ஷேர் ஆட்டோ, பள்ளத்தூருக்கு நாற்பது.
நாற்பது என்பது என்னுடைய ஒரு மணி நேரம்.
ஆக, சும்மா நின்ற நேரத்துக்குக் கூலியாக
நின்று சம்பாதித்த நேரத்தை
ஆட்டோக்காரரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு இறங்குகிறேன்.
குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம்
இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன்,
எவ்வளவு குலுங்கினாலும் அதே விடை.

கணக்குக்குப் பேர்போன சீமை இது.
கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி
முந்திரி வரைக்கும் எழுதிவைத்தார்களாம்,
முந்நூற்று இருபதில் ஒரு பங்கு.
எங்கள் கடையிலும் முந்திரிக்குக் கணக்குண்டு.
லட்டுக்கு அரைப் பருப்பு.
மிச்சத்தை எடைபோட்டு டப்பாவில் பூட்டி
மேலே தேதி, கையெழுத்து.

ஆடி மாதம் கல்லாவில் முப்பத்தைந்து ரூபாய் குறைந்தது.
என் சம்பளத்தில் பிடித்தார்கள்.
முப்பத்தைந்து ரூபாய் தொலைந்தால்
மேசைக்கு அடியில் டார்ச் அடிக்கிறார்கள்.
முப்பத்தைந்து நிமிடம் தொலைந்தால்
எந்த மேசையை நகர்த்துவது?

அன்றைக்குத்தான் ஆரம்பித்தேன்.
கிளம்பும்போது, அண்ணன் சாவி தேடும் நொடியில்,
பில் மிஷினில் ஒரு பூஜ்ஜியம்.
சர்ரென்று நாக்கு நீட்டும்:
பொருள் இல்லை. தொகை 0.00.
நேரம் 21:52.
நன்றி, மீண்டும் வருக.

தீபாவளி கழிந்தபோது
எண்பத்தேழு பூஜ்ஜியங்கள் சேர்ந்திருந்தன,
பிளாஸ்டிக் பையில், ஜன்னல் கம்பியில்.
பேச்சைக்கூட ஒத்திகை பார்த்திருந்தேன்,
குக்கரின் இரண்டாவது விசிலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே:
"அண்ணே, ஒரு விஷயம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைப் பிரித்தேன்.
வெள்ளை.
முன்னும் வெள்ளை, பின்னும் வெள்ளை.
வெயில் கொஞ்சம் தின்றிருக்கிறது.
மிச்சத்தைத் தின்றது என் விரல் எண்ணெய்,
சீட்டுக்குச் சீட்டு
கட்டைவிரல் அளவு மஞ்சள் கறை.
ஒன்றில் மட்டும் "மீண்டும் வ" வரை படிக்க முடிந்தது.

காகிதம் மறந்ததை
மிஷின் வயிற்றில் வைத்திருக்கும் என்று
எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை ஆடிட்டர் ஆபீஸிலிருந்து
கண்ணாடி போட்ட ஒரு பையன் வந்தான்.
லேப்டாப்பைத் திருப்பி அண்ணனிடம் காட்டினான்.
"கடை அடைத்த பிறகு
தினமும் ஒரு பூஜ்ஜிய பில் சார்.
பில் நம்பர் வீணாகிறது. யார் போடுவது?"

ஷட்டர் பாதியில் நின்றது.
அண்ணன் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.
ஜெசிந்தா அக்கா பாகுக் கையோடு
என்னைப் பார்க்காமல் இருந்தாள்,
அப்படிப் பார்க்காமல் இருக்க
நிறையப் பிரியம் வேண்டும்.

"நான்தான்."

"எதுக்கு?"

தெருமுனையில் ஒன்பது இருபது திரும்பியது.
போகட்டும்.
ஏப்ரனை அவிழ்த்து மேசையில் வைத்தேன்.

"சொல்றேன் அண்ணே.
ரெண்டு நிமிசம் ஆகும்."